நீலியும் தாயக்கட்டையும்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் தத்தம் பாத்திரத்தின் வாயாகப் பேசியும் அதன் செயலைச் சொல்லியும், விளைவு இன்னதென்று துணிய முடியாத சந்தர்ப்பங்களில் மட்டும் பகடையை உருட்டியும் ஆடுகின்ற ஒருவகைக் கதை விளையாட்டு, காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்களால் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் முதன்முதலாக அச்சேறியது. அவ்விளையாட்டுக்குத் துணைநூலாக ஜேம்ஸ் வார்டு, ராபர்ட் குன்ட்ஸ் ஆகிய இருவர் 1980இல் தொகுத்தளித்த தெய்வங்களின் கோவையொன்றில், கிரேக்கருடைய தெய்வங்களும் ஐரோப்பிய வடபுலத்தாருடைய தெய்வங்களும் அணிவகுத்து நிற்க, இந்தியப் பகுதியில் இந்திரன், அக்கினி, வருணன், யமன் முதலியோருடன் கார்த்திகேயனும் இடம்பெற்றிருக்கிறான். இன்ன ஆயுதம், இத்தனை அடி தாங்கும் உடல், ஒரு வீச்சில் இவ்வளவு சேதம் என்று மயில்வாகனனுடைய மகிமை முழுவதும் சில வரிகளில் எண்களாகச் சுருங்கிக் கிடக்கும் அப்பக்கத்தை, தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துச் சாந்தன்பாறை ஊராட்சியின் கள்ளிப்பாறைக் குன்றில் 2022ஆம் ஆண்டு நீலக்குறிஞ்சி பூத்துச் சரிவெல்லாம் ஊதா நிறமாகிய காட்சியைக் கண்டவர் எவரேனும் புரட்டிப் பார்ப்பாராயின், குறிஞ்சிக் கிழவனுக்கு நேர்ந்த இந்தக் கணக்கெடுப்பை எண்ணிச் சற்றே புன்முறுவல் பூப்பார் என்பது என் அபிப்பிராயம்.

எண்களை இட்டவர்கள் பக்தியின்மையால் அவ்வாறு செய்தார்கள் என்று சொல்லிவிடுவதற்கில்லை. இதே ஆசிரியர்கள் 1976இல் வெளியிட்ட முந்தைய நூலுக்கு முன்னுரை எழுதிய டிம் காஸ்க், வரம்பின்றி வலிமையைக் கூட்டிக்கொண்டே போகும் ஆட்டக்காரர்களின் மடமையை எடுத்துக்காட்டுவதே அதன் நோக்கங்களுள் ஒன்று என்றும், தேவர்களின் தந்தையாகிய ஓடினுக்கே 300 புள்ளிகள்தாம் உயிர்வலிமை என்னும்போது மானுட வீரனொருவன் அதற்கு மேலும் ஆசைப்படுவது நகைப்புக்குரியது என்றும் விளக்க முற்பட்டார். ஆனால் விளைவு எதிர்மாறாயிற்று. எண் இருக்கிறதென்றால் அதைக் கழித்துப் பூச்சியமாக்கவும் கூடும் என்பது சிறு பிள்ளைக்கும் எட்டுகிற கணக்காதலால், தெய்வத்தைக் கொல்லப் புறப்பட்ட ஆட்டக்காரர்கள் பெருகினார்கள். புராண புருஷன் ஒருவனை விளையாட்டுக்குள் கொண்டுவர விரும்புவோர் அவனுடைய ஆற்றல்களைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்குவது பிழையான தொடக்கம் என்பதும், அவனைக் கட்டுப்படுத்துவது எது என்று கேட்பதிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நான் நிறுவ எண்ணும் விஷயமாகும்.

இதற்குமுன் உரிமை பற்றி ஒரு வார்த்தை. மேற்சொன்ன 1980ஆம் ஆண்டு நூலின் முதற்பதிப்புகளில், எச். பி. லவ்கிராஃப்ட் படைத்த பயங்கரத் தெய்வங்களுக்கும், மைக்கேல் மூர்காக் என்னும் ஆங்கில எழுத்தாளர் சிருஷ்டித்த மெல்னிபோனே உலகத்துக்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன. கேயாசியம் என்ற வேறொரு நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தும் அனுமதியை வைத்திருந்தபடியால், பின்வந்த பதிப்புகளில் அவ்விரண்டும் நீக்கப்பட்டன. கார்த்திகேயனையோ இந்திரனையோ நீக்கச் சொல்லி எவரும் வரவில்லை. வருவதற்குரிய ஆள் உலகில் இல்லை. 1938இல் தோன்றிய சூப்பர்மேன் அமெரிக்கச் சட்டப்படி 2034ஆம் ஆண்டின் பிறப்பில்தான் பொதுச் சொத்தாவான். நம்முடைய வீரர்களோ யார் முதலிற் சொன்னார் என்றே தெரியாத பழமையினால் என்றென்றைக்கும் பொதுச் சொத்தாய் நிற்கிறார்கள். 2015இல் உச்சநீதிமன்றம், ஊதுபத்தி வியாபாரி ஒருவர் 'ராமாயண்' என்னும் பெயரைத் தமக்கே உரிய வணிகக் குறியாகப் பதிந்துகொள்ள இயலாது என்று தீர்ப்பளித்ததும் இந்தப் பொதுத்தன்மையைக் காக்கும் நோக்கினதே. பழனியாண்டவனைப் பற்றி யார் வேண்டுமானாலும் கதை கட்டலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்ட பழனிப் பஞ்சாமிர்தத்தின் பெயரைத்தான் கண்டவிடத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது இவ்விவகாரத்திலுள்ள ஒரு வேடிக்கை.

இனி, எந்த வீரரைத் தெரிந்தெடுப்பது? மேலே சொன்ன சாந்தன்பாறையையே எடுத்துக்கொள்வோம்: தமிழும் மலையாளமும் ஒரே கடைத்திண்ணையில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. விடியற்காலையில் தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதும், பொழுது சாயுமுன் அவை மீண்டும் இறங்குவதும், லயங்களில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் கோட்டயம், பாலா பக்கங்களிலிருந்து குடியேறிய மலையாளக் குடும்பங்களும் ஒரே சந்தையில் அரிசியும் மீனும் வாங்குவதும் அங்கே அன்றாட வழக்கம். இத்தகைய எல்லைப் பிரதேசத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமரும் இருமொழி இளைஞர்களுக்கு, இரு மொழியினரும் தம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டறிந்த ஒரு பாத்திரமே பொருந்தும், அப்படிப்பட்டவள் நீலி. அவளைத் தேவதை என்பதா, பேய் என்பதா, வீராங்கனை என்பதா என்று அவளைப் பற்றிய கதைகளே இன்னும் தீர்மானித்தபாடில்லை. டொமினிக் அருண் இயக்கி 2025இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படம், கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூரில் மறைந்து வாழும் அதிசய வீராங்கனையாக்கி, கல்யாணி பிரியதர்ஷனை அவ்வேடத்தில் நடிக்கவைத்துப் பெருவெற்றி கண்டது. அந்தப் படத்தில் வரும் உருவமும் உடையும் சம்பவங்களும் அதன் தயாரிப்பாளருக்குச் சொந்தம். நீலி யாருக்கும் சொந்தமல்லள். அப்படத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டு இயற்ற முனைவோர் இந்த வேற்றுமையை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

நீலியின் மூலக்கதை தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தின் தொடக்கத்திலேயே அதைச் சுட்டுவதால், ஏழாம் நூற்றாண்டிலேயே அது யாவரும் அறிந்த பழங்கதையாக இருந்திருக்கவேண்டும். முற்பிறப்பில் கணவனாற் கொலையுண்ட ஒருத்தி பேயாகப் பிறந்து, வணிகனாகப் பிறந்துவிட்ட அவனைத் தொடர்கிறாள். அவன் கையிலே மந்திர வலிமை வாய்ந்த வாள் ஒன்று இருக்கிறது. அது இருக்கும் வரையில் அவனை அவளால் தீண்ட முடியாது. பழையனூருக்குள் ஓடிவந்த வணிகன் வேளாளர் எழுபதின்மர் கூடியிருந்த சபையிலே அடைக்கலம் புகுகிறான். பின்னாலேயே அவளும், கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்தியவளாய், கணவன் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று கண்ணீர் வடித்துக்கொண்டு அச்சபைக்கு வருகிறாள். இருவரில் யார் சொல்வது மெய் என்று அறியச் சபையார் குழந்தையைக் கீழே விடச் சொல்ல, அது தவழ்ந்துபோய் வணிகனைத் தந்தையென்று பற்றிக்கொள்கிறது. இனி அவர்கள் அவனை நம்புவதெப்படி? அன்றிரவு கணவனும் மனைவியும் ஓரிடத்தில் தங்குவதென்று தீர்ப்பாகிறது. கோபக்காரக் கணவன் வாளால் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அவள் அஞ்சுவது போல் நடிக்க, வாளை வாங்கிவைக்கிறார்கள். 'உனக்குத் தீங்கு நேருமாயின் நாங்கள் எழுபது பேரும் உயிர்விடுவோம்' என்று அவனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள். பொழுது விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீ வளர்த்து அதில் இறங்கினார்கள்.

இந்தக் கதையில் நீலியினுடைய பலம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். பேயுருவும் மாயமும் அவளுக்கு இருந்தும் வாளை அவளால் நேரே பறிக்க முடியவில்லை. பிறருடைய நீதியுணர்ச்சியைக் கருவியாகக் கொண்டே பறிக்கிறாள். அவளைக் கட்டுவது வாள், வாளை அகற்றுவது சபையின் சொல், சபையைக் கட்டுவது அதே சொல். இப்படி ஒன்றையொன்று பிணித்து நிற்கும் கட்டுகளின் சங்கிலியை விட்டுவிட்டு, 'நீலி, உயிர்வலிமை 120, நகத்தால் கீறினால் சேதம் 10' என்று எழுதிவைத்தால் கிடைப்பது நீலியல்ல; எந்தக் காட்டிலும் திரியக்கூடிய ஏதோ ஒரு பிசாசு.

நம் முன்னோருள் ஒருவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் பெயர் தெரியாத ஆசிரியர், இந்தப் பழையனூர்ப் பேயையே எடுத்துக் காப்பியத் தலைவியாக்கினார். பாஞ்சால நாட்டில் முனிசந்திரர் என்னும் சமண முனிவர் காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்துவிட, அவரை அச்சுறுத்தி விரட்டுவதற்காக அழைக்கப்பட்ட நீலி, தன் பயங்கர வேடங்கள் எவற்றுக்கும் அவர் அசையாமை கண்டு அவருக்கே மாணாக்கியாகி, கொல்லாமையை மேற்கொண்டு, ஊர் ஊராகச் சென்று குண்டலகேசி முதலிய பௌத்தர்களையும், ஆசீவகரையும், சாங்கியரையும், வைசேடிகரையும், வேதவாதியையும், பூதவாதியையும் வாதில் வெல்கிறாள். பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாகவே இந்நூல் எழுந்தது. மறுக்கப்பட்ட நூல் அழிந்து சில பாடல்களே எஞ்ச, மறுத்த நூல் தப்பிப் பிழைத்து, சமயதிவாகரமென்னும் வாமன முனிவர் உரையுடன் 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தியால் அச்சாயிற்று. பழங்கதைப் பாத்திரமொன்றைப் புதிய பயனுக்கு ஏற்றபடி மாற்றியமைக்கும் வித்தையில் இதைவிடத் துணிகரமான முயற்சி தமிழில் உண்டா என்பது சந்தேகமே. அந்தப் புலவர் நீலியின் ஆற்றலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவளைக் கட்டும் பொருளை மட்டும் மாற்றினார். முன்பு வாளும் வாக்கும் கட்டியவளை இப்போது அகிம்சையும் தருக்கமும் கட்டுகின்றன.

தென்கோடியில் அவளுடைய வரலாறு வேறு வழியிற் சென்றது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடு அங்கே அவளுக்கு இடமாயிற்று. தாசி குலத்துப் பெண்ணொருத்தியை அவளுடைய நகைகளுக்காகக் கோயிற் பூசாரி ஒருவன் கள்ளிக்காட்டில் கல்லாலடித்துக் கொன்ற கதையாக வில்லுப்பாட்டில் அது பாடப்படுகிறது. மலையாள வழக்கில், அவளென்றே மக்கள் இன்று அடையாளம் காணும் யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதிப் பாதிரியார் தலையில் இரும்பாணி அறைந்து வசப்படுத்தினார் என்பர். தலைவாரிவிட்ட ஒரு கிழவி ஆணியைக் கண்டு பரிதாபப்பட்டுப் பிடுங்கிவிட, யட்சி மறுகணமே தன் இயல்புருக் கொண்டு பறந்தாளாம். இக்கதைகளை வாய்மொழியிலிருந்து தொகுத்த கொட்டாரத்தில் சங்குண்ணி 1937இல் காலமானாராதலால், அவருடைய 'ஐதிகமாலை'யும் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. ஆணியை அறைந்தவர் பெரிய மந்திரவாதி. அதைப் பிடுங்கியவளோ மந்திரமே அறியாத கிழவி. இப்படியொரு தருணம் மேசையில் நிகழ இடம்கொடுக்காத விதிநூல் எத்தனை பக்கம் நீண்டாலும் பயனில்லை.

ஆகவே நான் கருதும் விளையாட்டில் பாத்திரத் தாளிலே ஆற்றல்களுக்கு ஒதுக்கும் இடம் சிறிதாகவும், கட்டுகளுக்கு ஒதுக்கும் இடம் பெரிதாகவும் இருக்கும். ஆட்டத்தின் தொடக்கத்தில் நீலியை ஏற்பவர் அவளை எது கட்டுகிறது என்பதை வாள், வாக்கு, ஆணி, வாதம் இவற்றுள் ஒன்றாகத் தெரிந்துகொள்வார். மற்றவர்களோ அக்கட்டு யார் கையில், எந்த விலைக்கு அவிழும் என்பதைத் தீர்மானிப்பார்கள். கட்டு அவிழும் ஒவ்வொரு தடவையும் அவிழ்த்தவர் ஏதோ ஒரு வாக்கினாற் கட்டுண்பார். கதை இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செல்லும்.

பகடைக்கு அமெரிக்கர் கையாளும் இருபதுமுகக் கட்டை எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. அதில் ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு ஐந்து என்ற ஒரே வீதத்தில் விழுவதால், அற்புதமும் சாமான்யமும் சமமாகிவிடுகின்றன. நம் வீடுகளில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டை இரண்டை எடுத்துக்கொள்வோம்: ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் நேரக்கூடியவை பதினாறு நிலைகள். அவற்றுள் மூன்று என்னும் தொகை நான்கு நிலைகளிலும், இரண்டும் நான்கும் மும்மூன்று நிலைகளிலும், ஐந்து இரண்டு நிலைகளிலும், ஆறு ஒன்றிலும், இரு கட்டையும் வெறுமையாய் விழும் பன்னிரண்டு ஒன்றிலும், ஒன்று என்னும் தாயம் இரண்டிலும் வரும். எட்டில் ஒரு பங்குதான் தாயத்துக்கு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் அது விழாமற் போவதற்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாய்ப்பு உண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது என்று சொல்லிக்கொண்டு அரைமணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை. நீலி தன் இயல்புருவைக் காட்டுவதற்குத் தாயம் விழவேண்டும் என்று விதித்துவிட்டால், அவள் பெரும்பாலான நேரம் மனிதப் பெண்ணாகவே நடந்து, பேசி, அழுது, வாதாடித் தன் காரியத்தைச் சாதிக்கவேண்டியவளாகிறாள். பழையனூரில் அவள் செய்ததும் அதுவேயன்றோ! ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று பல ஊர்களிலும் வழங்கும் விதியையும் அப்படியே கொள்ளலாம்: பதினாறில் ஆறு முறை, பேசியவருக்கே மேலும் ஒருதரம் பேசும் உரிமை கிடைக்கும், சபையில் வாதாடுவோர்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பகடையோடு புராணத்தைச் சேர்ப்பது நமக்கு நூதனமும் அன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடியவர்கள் ஏணியிலும் பாம்பிலும் புண்ணிய பாவங்களைக் கண்டவர்களே. ஆனால் பரமபதத்தில் உருட்டுபவனுக்குத் தேர்வு என்பதில்லை. கட்டை சொல்லும் கட்டத்துக்கு அவன் போகவேண்டியதுதான். கதை விளையாட்டிலோ கட்டை பேசுவதற்குமுன் மனிதன் பேசியாகவேண்டும்.

களத்துக்கும் வெகுதூரம் போகவேண்டாம். சாந்தன்பாறைக்கு அருகில் பூப்பாறையை ஒட்டிக் கிடக்கும் மதிகெட்டான் சோலை, பன்னிரண்டே முக்கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பினது. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உள்ளே புகுந்தவர் திசை தெரியாமல் மதிமயங்குவர் என்ற நம்பிக்கையினாற் பெயர் பெற்றது. ஏலத்தோட்டமும் சோலையும் சந்திக்கும் விளிம்பில், பனிமூட்டத்தில், பகலிலேயே விளக்கேற்றும் லயத்துக்குப் பிள்ளையை இடுப்பில் ஏந்திய ஒருத்தி நியாயம் கேட்டு வருகிறாள். தோட்டத்துக் கணக்கரோ கங்காணியோ அடைக்கலம் கேட்டு முன்னமே வந்திருக்கிறார். தொழிலாளர் சிலரும் குடியேறிய விவசாயிகள் சிலரும் சபையாகக் கூடுகிறார்கள்; தமிழில் அவள் சொல்வது பாதிப் பேருக்கும், மலையாளத்தில் அவர் மறுப்பது மீதிப் பேருக்கும் நன்றாக விளங்குகிறது. பழையனூர்க் கதையின் கட்டுமானம் சிறிதும் சிதையாமல் இந்த மலைக்கு இடம்பெயர்வதைக் காணலாம்.

ஆட்சேபம் ஒன்று எழக்கூடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீலியின் கதை இசக்கியம்மன் வழிபாட்டோடு கலந்துவிட்டது. முப்பந்தலில் இசக்கிக்குக் கோயில் எடுத்து மக்கள் பொங்கலிட்டு வணங்குகிறார்கள். வணங்கப்படும் ஒருத்தியை விளையாட்டுப் பொருளாக்கலாமா? ஐதராபாத் நிறுவனமொன்று உருவாக்கி 2009இல் சோனி வெளியிட்ட அனுமான் பற்றிய வீடியோ விளையாட்டைக் குறித்து, தெய்வத்தை ஆட்டக்காரன் விசைகளால் இயக்குவது தகாது என்று அமெரிக்காவிலுள்ள இந்து அமைப்பொன்றின் தலைவர் ஆட்சேபித்தார். அந்த வாதம் எனக்கு முழுதும் ஏற்புடையதன்று. மனிதன் தெய்வமாக வேடம் ஏற்பது கொடைவிழாவின் சாமியாடியிடத்தும், வடமலபாரின் தெய்யக்காரனிடத்தும், தெருக்கூத்துக்காரனிடத்தும் நாம் வழிவழியாக ஒப்புக்கொண்ட சம்பிரதாயம். ஆனால் அவர்களுள் யாரும் விரதமும் நியமமுமாகிய கட்டுகளை ஏற்காமல் வேடத்தைத் தொடுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆகையினால் விதிநூலில் இசக்கியின் பெயரையும் கோயிலையும் வழிபாட்டு உருவத்தையும் எடுத்தாளாமல், கதைகளில் உலவும் நீலியோடு நிற்பது மரியாதை. நீலியை ஏற்பவர் ஆட்டம் முடியும் வரை பொய்ச்சத்தியம் செய்வதில்லை என்பது போன்ற ஒரு சிறு நியமத்தைப் பூணுவதும் விளையாட்டுக்குச் சுவை கூட்டும். அழலாம், நடிக்கலாம், கள்ளிக்கொம்பைப் பிள்ளையென்று காட்டலாம். ஆணையிட்டுச் சொன்னதை மட்டும் மீறலாகாது.

கடைசியாக ஒரு விதி. எழுபதின்மர் கதைக்கு ஊர் வழக்கில் சொல்லப்படும் ஒரு பாடத்தில், அறுபத்தொன்பது பேர் தீப்புகுந்த வேளையில் எஞ்சிய ஒருவர் கழனியில் உழுதுகொண்டிருந்தார் என்றும், செய்தி எட்டியதும் தம் கலப்பையின் கொழுமுனையிலேயே பாய்ந்து மாண்டார் என்றும் வருகிறது. மேசைக்கு நேரங்கழித்து வந்து சேரும் ஆட்டக்காரருக்கு இந்தப் பாத்திரத்தைக் கொடுக்கலாம். சபை கூடியதை அவர் பார்க்கவில்லை, பிள்ளை தவழ்ந்ததைப் பார்க்கவில்லை, வாக்குக் கொடுத்தபோதும் உடனிருக்கவில்லை. நடந்ததை மற்றவர்கள் தத்தம் பாத்திரத்தின் வாயாக அவரிடம் சொல்வார்கள். பிறர் கொடுத்த வாக்கு தம்மையும் கட்டுமா என்பதை அவர் கட்டையை உருட்டாமல் தாமே சொல்லவேண்டும். கட்டாது என்று அவர் சொல்லிவிட்டால், வாளையும் வணிகனையும் வென்றுவிட்ட நீலிக்கு எதிரே வாக்கு மீறிய ஒருவர் உயிரோடு நிற்கிறார். அவரை அவள் என்ன செய்வாள் என்பதற்குப் பழங்கதைகளில் விடை இல்லையாதலால், அடுத்த ஆட்டத்தை அங்கிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.